உச்ச நேரத்தில் ஓடும் வண்டிகள்

வீடு,
வியாழக்கிழமை, மத்தியானம்.

கடல் நடுவே உலை வைக்கும் என் அன்பானவருக்கு,

கரையில் இருப்பவளின் வணக்கம். நானும் மாமாவும் நலம். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற 'நலம்'தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தத் தடவை நிஜமான நலம். ஏனென்றால் நேற்று சாயங்காலம் உங்கள் அப்பா என்னைத் திட்டினார். வாய் நிறையத் திட்டினார். கேட்காமல் மிக்ஸி போட்டுவிட்டேனாம். திட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தை போனதிலிருந்து 'ம்', 'போதும்', 'வேண்டாம்' என்ற மூன்று சொல்லை வைத்தே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த மனிதர், 'யாரைக் கேட்டும்மா வண்டியை எடுத்த?' என்று கூடம் அதிரக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும், நீங்கள் மீதிக் கதையைத் தப்பாக யூகித்துக்கொண்டு தூங்கப் போய்விடுவீர்கள். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் பையில் போட்டால் மெதுவாக வந்தாலும் முழுசாக வரும்.

நம் வீட்டு மின்சார மீட்டரை மாற்றிவிட்டார்கள். வாசல் நடையில் செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த பழைய பெட்டி போய், பச்சை எண்கள் மின்னும் புதுப் பெட்டி வந்திருக்கிறது. மாற்ற வந்தவர் சமையலறையில் ஓவனையும் பன் தட்டுகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, 'வீட்லயே பேக்கரி வேலை பாக்குறீங்க போல. புதுத் திட்டத்துக்கு மாறிக்கிட்டா நல்லதுங்க. ஆனா ஜாக்கிரதையா இருக்கணும்' என்று சொல்லி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நல்லது, ஆனால் ஜாக்கிரதை என்றால் எனக்குத் தூக்கம் வருமா? மறுநாளே மின்சார அலுவலகத்துக்குப் போய் நின்றேன். கவுன்டரில் இருந்த கண்ணாடி அம்மா பொறுமைசாலி. நான் திரும்பத் திரும்பக் கேட்டதற்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உங்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். மாதம் முழுக்க மொத்தம் எவ்வளவு சமைத்தோம் என்பதற்கு ஒரு விலை. அது யூனிட் விலை; இந்தத் திட்டத்தில் அது குறைவு, அதனால்தான் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அது போக, வேலை நாட்களில் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் எவ்வளவு பெரிய பானையை அடுப்பில் ஏற்றினோம் என்று பார்க்கிறார்கள். மாதத்திலேயே பெரிய பானை எதுவோ, அதற்குத் தனி விலை. மாதம் முழுக்கச் சின்னச் சட்டியில் சமைத்துவிட்டு ஒரே ஒரு நாள் அண்டாவை ஏற்றினாலும், அந்த மாதத்துக்கு நான் அண்டாக்காரிதான். அதாவது அந்த நேரத்துக்குள் எந்த அரை மணியில் வீடு அதிகமாக மின்சாரம் இழுத்ததோ, அந்த ஒரே அரை மணியை வைத்துத்தான் 'உச்சத் தேவைக் கட்டணம்' போடுவார்களாம். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் அண்டா என்ன, கொப்பரையே ஏற்றலாம், கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் பிறந்ததும் பழைய அண்டாவை மறந்துவிட்டுப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து மாடி வீட்டு டீச்சரிடம் இதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் செய்ததற்கு மாதம் முழுக்கத் தண்டனையா, இது பகல் கொள்ளையாக இல்லையா என்றேன். அப்போது மாமாவின் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. 'கொள்ளை இல்லம்மா. அது சாயங்கால டிரிப்பு.'

டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கூடத்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். பிறகு நின்றபடியே சொன்னார். 'ஆபீஸ் விடுற நேரத்துல ஊரே பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கும். அந்த ரெண்டு மூணு மணி நேரக் கூட்டத்துக்காகத்தான் டிப்போல அத்தனை பஸ் வாங்கி வச்சிருப்பாங்க. மத்தியானம் பாதி வண்டி வெயில்ல சும்மா நிக்கும். சும்மா நிக்கிற வண்டிக்கும் டயரு, டிரைவரு எல்லாச் செலவும் உண்டுல்ல? கரன்ட் ஆபீஸ்காரனுக்கும் அதே கதைதான். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா, அந்த நேரத்துக்காகவே அவன் கம்பியும் மெஷினும் பெருசா வச்சிருக்கணும். கூட்டத்துல முண்டியடிச்சு ஏறாதீங்கங்கிறான். அவ்வளவுதான்.'

விளக்கத்தைவிட அதன் நீளம்தான் எங்களை வாயடைக்க வைத்தது. டீச்சர் போன பிறகு அவரே கேட்டார், வீட்டில் என்னென்ன வண்டி இருக்கிறது என்று. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவருக்கு எல்லாமே வண்டிதானே! அன்றே அட்டவணை தயாராகிவிட்டது. ஓவன் தொலைதூர வண்டி, சூடேறவே நேரம் எடுக்கும், அதனால் மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டி டவுன் பஸ், நின்று நின்று போகும். ஹீட்டர் எக்ஸ்பிரஸ், சீக்கிரம் போய்ச் சேரும், ஆனால் வழியில் எல்லாரையும் இடிக்கும். தண்ணீர் மோட்டார் ஓடும்போது வேறு எதுவும் ஓடக் கூடாது. பிரிட்ஜ் மட்டும் டிப்போ வாட்ச்மேன், எப்போதும் விழித்திருக்கலாம். ஐந்து மணி ஆனால் நடையில் மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மிக்ஸி போடுவதென்றால்கூட நான் போய், 'மாமா, ஒரு சின்ன வண்டி, ரெண்டே நிமிஷம்' என்று கேட்க வேண்டும். மீட்டரைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், பிறகு 'சரி, எடு' என்பார். நேற்று கேட்காமல் எடுத்ததற்குத் திட்டு மட்டும் இல்லை, காலண்டர் தாளின் முதுகில் எழுதிய மெமோவும் கிடைத்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இதையெல்லாம் சிரிப்புக்காக மட்டும் எழுதவில்லை. அடுத்த மாதக் கடைசியில் உங்கள் அண்ணன் வந்து மாமாவை அழைத்துக்கொண்டு போவதென்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறீர்கள். அங்கே முதியோர் இல்லத்தில் நல்ல அறை, வேளைக்குச் சாப்பாடு, கூப்பிட்ட குரலுக்கு டாக்டர். 'நீ தனியா எப்படிப் பார்த்துக்குவ' என்று நீங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. திரை போட்ட அந்த அறையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் மூச்சு முட்டிப்போயிருந்தது. இப்போது பதில் சொல்கிறேன்: மாமா இங்கேயே இருக்கட்டும். இதை அண்ணனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால், 'உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா' என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்.

மணி மூன்றாகப் போகிறது. தொலைதூர வண்டி கிளம்ப வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நீங்கள் நின்றுகொண்டே சாப்பிடுவது எனக்குத் தெரியும். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மெமோ வாங்கிய உங்கள் மனைவி.


வீடு,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பானவருக்கு,

உங்கள் நலம் அறிய ஆவல். எங்கள் நலத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன மாதம் பில் பார்த்து நானும் மாமாவும் ஆடாத குறைதான். இந்த மாதம் இன்னும் குறைத்துக் காட்டுகிறேன் என்று சபதம் எடுத்துக்கொண்டார். மாதம் பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில், குளித்து, சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து சொன்னார், 'இன்னிக்கு லீவு நாள் சர்வீஸ்மா. எல்லா வண்டியும் எந்த நேரத்துலயும் ஓடலாம்.' எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடி டீச்சரின் பள்ளிக்கு மறுநாள் ஒரு பிரிவு உபசார விழா, பெரிய கேக் ஆர்டர். கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய சின்ன ஓவனையும் துடைத்து வெளியே எடுத்தேன். சாயங்காலம் இரண்டு ஓவனும் ஒன்றாக ஓடின. வாஷிங் மெஷின் ஓடியது. ஹீட்டர் ஓடியது. நான் ஒரு மூட்டைத் துணியை இஸ்திரி போட்டேன். மோட்டார் ஓடி மேல் தொட்டி வழிந்தது. வீடு முழுக்க வெனிலா வாசனை. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அத்தனை வண்டியும் கிளம்பிப் போவதைப் பார்ப்பவர்போல, கூடத்துக்கும் நடைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை என் போனுக்குச் செய்தி வந்தது: இந்த மாதத்தின் உச்சத் தேவை பதிவாகியிருக்கிறது, இவ்வளவு என்று. போன மாதத்தைப் போலப் பல மடங்கு. ஏதோ தவறு என்று நினைத்து மாமாவிடம் காட்டினேன். அவர் சுவர்க் காலண்டருக்கு முன்னால் போய் நின்றார். அந்தத் தேதி கறுப்பில் இருந்தது, சிவப்பில் இல்லை. டீச்சர்கூட அன்று பள்ளிக்குப் போய்விட்டுத்தானே வந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

விஷயம் இதுதான். மாமா வேலை பார்த்த பஸ் கம்பெனி தொடங்கிய தேதி அது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படிதான் பஸ் ஓடுமாம். அவர் வேலையில் இருந்த காலம் முழுக்க அது லீவு நாள். ஊருக்கெல்லாம் லீவு இல்லை, டிப்போவுக்கு மட்டும்தான் என்பது அவருக்கு நினைவிலேயே நிற்கவில்லை. மின்சார அலுவலகத்துக்கு அது சாதாரண வேலை நாள்.

யானைக்கும் அடி சறுக்கும் மாமா என்றேன். அவர் கேட்கவில்லை. அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்து நாலாக மடித்தார். 'நான் டூட்டில இருந்தவரைக்கும் ஒரு வண்டியும் நேரம் தப்பினதில்லம்மா. இப்ப நாளே தப்பிப் போச்சு' என்றார். அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் கட்டில் மேல் பெட்டி திறந்திருக்கிறது, உள்ளே மடித்த சட்டைகள். அவரே உங்கள் அண்ணனுக்குப் போன் செய்து, சீக்கிரமே வந்து கூட்டிப் போ என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணன் உடனே என்னைக் கூப்பிட்டார். 'பார்த்தியா? ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருச்சு. இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்' என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை மாவுக்குள் போட்டிருப்பேன். இது ஞாபகம் தப்பியதா? எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியை ஒருவர் மறக்காமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர் மறதியா? மறக்காததுதான் இங்கே தப்பாகப் போயிற்று. இதை அவரிடம் சொன்னேன். சின்னப் பிள்ளை பேச்சு என்றார். மாதக் கடைசிக்கு இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டதாம், மாமாவுக்கும் சேர்த்து.

மீண்டும் 'ம்', 'போதும்', 'வேண்டாம்'. நான் கேட்காமலே மிக்ஸி போட்டேன், உள்ளே இருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. பில்லைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் போகிறது. தன் புத்தி தன்னை விட்டுப் போகிறது என்று மாமா பயந்துபோயிருக்கிறார். அந்தப் பயத்தோடு அவர் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்,
உங்கள் மனைவி.


வீடு,
வெள்ளிக்கிழமை, காலை.

என் ராஜா சமையல்காரருக்கு,

முந்தைய கடிதமும் இதுவும் ஒரே பையில்தான் உங்களுக்கு வந்து சேரும் என்று ஏஜென்ட் ஆபீஸில் சொன்னார்கள். அதைப் படித்து முகத்தைத் தொங்கப் போட்டிருந்தால் நிமிருங்கள். நீங்கள் வழி சொல்லும் வரை காத்திருக்க நான் என்ன துறைமுகமா? வழி கிடைத்துவிட்டது. எழுதும்போதே கை துள்ளுகிறது, கோழி கிறுக்கியது போல இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தைப் போட்ட கையோடு நேரே மின்சார அலுவலகத்துக்குப் போனேன், சண்டை போடத்தான். வயதானவர் ஒரு நாளைத் தப்பாக நினைத்துவிட்டார், அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், தெரியும். கண்ணாடி அம்மா முடியாது என்றார். மீட்டர் பதிந்ததை அவரால் அழிக்க முடியாதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு என்ன தோன்றியதோ, ஆறுதலாக ஒன்று சொன்னார்: 'போனது போயிருச்சும்மா. இனிமே இந்த மாசம் அதுக்கு மேல ஏறாமப் பாத்துக்கங்க, அது போதும்.'

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அதற்கு மேல் ஏறாமல். அப்படியென்றால், அதுவரை ஏறலாமா? பஸ் வந்தது, நான் ஏறவில்லை. திரும்ப உள்ளே ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். கவுன்டரில் தலையை நுழைத்துக் கேட்டேன்: இந்த மாதம் இனிமேல் தினமும் சாயங்காலம் அதே அளவுக்கு மின்சாரம் இழுத்தால் உச்சக் கட்டணம் கூடுமா? கூடாது என்றார். மாதத்தின் பெரிய பானைக்குத்தான் விலை, அது ஒரு தடவை ஏறினாலும் தினமும் ஏறினாலும் ஒரே விலை. எரிகிற யூனிட்டுக்கு மட்டும் வழக்கமான காசு. அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு! நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார்.

நம் தெரு முனையில் இருக்கும் ஆஸ்பத்திரி கேன்டீன்காரரை உங்களுக்கு நினைவிருக்கிறதா? ராத்திரி டூட்டி நர்சுகளுக்கு எட்டு மணிக்குச் சூடாக பன் வேண்டும் என்று என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார்! எட்டு மணிக்குச் சூடாக வேண்டுமென்றால் ஆறரைக்கு ஓவன் ஓட வேண்டும், அது உச்ச நேரம், முடியாது முடியாது என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். அன்று மின்சார அலுவலகத்திலிருந்து நேராக அவரிடம் போனேன். மூச்சு வாங்க, 'நாளையிலேர்ந்து தர்றேன், எவ்வளவு வேணும்?' என்றேன். அவர் சொன்ன அளவுக்கு ஒரு ஓவன் போதாது. இரண்டும் ஓட வேண்டும்.

இனிமேல்தான் பெரிய வேலை. வீட்டுக்கு வந்து மாமாவின் அறைக் கதவைத் தட்டினேன். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்டா ஏறிவிட்டது, இனி மாதம் முழுக்க அந்த அண்டாவை ஏற்றிக்கொண்டே இருக்கலாம் என்று. தாழ்ப்பாள் அசையவில்லை. அவரைச் சமாதானப்படுத்துவதற்காக இட்டுக்கட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். அப்போது எனக்கே ஒரு பயம் வந்தது, அதையும் மறைக்காமல் சொன்னேன். 'ஆனா மாமா, அந்த அளவுக்கு மேல ஒரு துளி போனாலும் இன்னும் கூடிடும். ரெண்டு ஓவனும் தினம் ஓடணும். நான் மாவு பிசைவேனா, மீட்டரைப் பார்ப்பேனா? என்னால தனியா முடியாது.'

உள்ளேயிருந்து குரல் வந்தது. 'ரெண்டு ஓவனும் ஒண்ணாவா?'

ஆமாம் மாமா என்றேன்.

'அந்த நேரத்துல ஹீட்டர்?'

போட மாட்டேன் என்றேன்.

'தண்ணி தீர்ந்துபோச்சுன்னு நீ பாட்டுக்கு மோட்டாரைத் தட்டி விட்டுட்டா?'

அதுதான் மாமா எனக்கும் பயம் என்றேன். கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. கையில் நாலாக மடித்த அதே அட்டவணை. 'இது ஆகாது. ஸ்பெஷல் சர்வீஸுக்குப் புது அட்டவணை போடணும். பேப்பர் எடு' என்றார். நான் பேப்பர் எடுக்கவில்லை, அவர் காலடியில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதுவிட்டேன். 'வண்டி கிளம்புற நேரத்துல என்னம்மா அழுகை' என்று அதற்கும் திட்டினார்.

இந்தப் பத்து நாளாகப் பார்க்க வேண்டுமே எங்கள் வீட்டை! ஐந்து மணிக்கு முன்னாலேயே மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பிவிடும். பெரிய ஓவன் முதலில் சூடேறும், அது சூடேறி எண் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் சின்ன ஓவனுக்கு அனுமதி. இரண்டும் ஓடும்போது நான் மிக்ஸி பக்கம் பார்வையைத் திருப்பினாலே நடையிலிருந்து தொண்டைச் செருமல் கேட்கும். முதல் நாள் பன் கொஞ்சம் கருகிவிட்டது, அவசரத்தில் தட்டை மேல் அடுக்கில் வைத்துவிட்டேன். கேன்டீன்காரர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து பஞ்சு போல வந்தது. நர்சுகள் இப்போது எட்டு மணிக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்களாம்.

இன்னொன்று கேளுங்கள். பன் கூடையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமா! ஓவன் இரண்டும் அணைந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொள்கிறார். நான் போகிறேன் என்றால், 'நீ கொண்டுபோனா வழியில நாலு பேர்கிட்ட பேசிட்டு நிப்ப' என்கிறார். அத்தை போன பிறகு வாசல்படி இறங்காதவர், இப்போது தெரு விளக்கு வெளிச்சத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பெட்டியில் இருந்த சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டன. பெட்டி காலி. ஆனால் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் மேலேயே வைத்திருக்கிறார். ஏன் மாமா என்றால் பேச்சை மாற்றுகிறார்.

அடுத்த மாதம் கணக்குப் புதிதாக ஆரம்பிக்குமே, அப்போது இந்த ஆர்டரை விட்டுவிடலாமா என்று அவரிடமே கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'கூட்டம் இருக்கிற நேரத்துல வண்டி விடாம வேற எப்ப விடுவாங்க? ஒரே ஒரு நாள் ஆசைக்கு அத்தனை வண்டியையும் எடுத்தாத்தான் நட்டம். தினம் நிறைஞ்சு போற வண்டின்னா உச்ச நேரத்துலயும் தாராளமா விடலாம்' என்றார். நானும் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. உச்சக் கட்டணத்தை மாதம் முழுக்க விற்கிற பன்களில் பிரித்துவிட்டால் ஒரு பன்னுக்கு ஒன்றுமே இல்லை. ஒரு நாளுக்கு ஏற்றினால் அண்டா, தினமும் ஏற்றினால் பிழைப்பு. ஆகவே கேன்டீன்காரருக்குத் தொடர்ந்து கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் அண்ணனிடம் இத்தனையும் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, 'சந்தோஷம்மா. ஆனா இது எத்தனை நாளைக்கு? மறுபடியும் ஒரு நாள் தப்பினா மறுபடியும் உடைஞ்சு போவாரு. டிக்கெட் இருக்கட்டும்' என்றார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. அவரும் அப்பாவுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறார். ஆனால் மாமா மறுபடியும் தப்பு செய்தால் என்ன? நானும்தான் பன்னைக் கருக்கினேன், என்னை யாரும் எந்த இல்லத்திலும் கொண்டுபோய் விடவில்லையே! இதை அவரிடம் கேட்க வாய் வரை வந்தது. மருமகள் கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடும். நீங்கள் கேட்டால் தம்பி கேட்டதாக இருக்கும்.

இன்று காலை எழுத உட்கார்ந்ததும் வழக்கம்போல, 'உங்க பிள்ளைக்கு என்ன எழுதட்டும் மாமா?' என்றேன். எப்போதும் 'நல்லா இருக்கச் சொல்லு' என்பார், அதோடு சரி. உங்கள் இருவரையும் எனக்குத் தெரியாதா? இவரைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு மணி நேரம் பேசுவீர்கள், உங்களைப் பற்றி இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். போனை மாற்றிக் கொடுத்தால் 'சாப்டியா', 'சாப்டேன்', முடிந்தது.

இன்று அப்படி இல்லை. கப்பல் எந்த மாதம் கரைக்கு வரும் என்று கேட்டார். சொன்னேன். எந்த நேரத்தில் வீட்டுக்கு வருவான் என்றார். அது எப்படி இப்போதே தெரியும் மாமா என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

'அவன் ஸ்கூல் விட்டு வர்ற நேரமெல்லாம் நான் சாயங்கால டிரிப்பு அனுப்பிட்டு இருப்பேன். ஒரு நாள்கூட நான் அவனுக்குக் கதவு திறந்து விட்டதில்ல. எந்த நேரமா இருந்தாலும் வரட்டும்னு எழுது. உச்ச நேரமா இருந்தாலும் வரட்டும். அன்னிக்கு மீட்டரைப் பார்க்க மாட்டேன். நான் வாசல்ல இருப்பேன்.'

பிறகு அவசரமாக, 'இருந்தா' என்று சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்குப் பேனா ஓடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

துறைமுகம் வந்ததும் முதல் போன் எனக்கு வேண்டாம். நான் காத்திருப்பேன், எனக்குப் பழக்கம்தான். முதல் போன் உங்கள் அண்ணனுக்குச் செய்யுங்கள், மாதக் கடைசிக்குள் செய்யுங்கள். அந்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லுங்கள். கடல் உங்களை ஒரு குறையும் இல்லாமல் எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் வந்து அழைப்பு மணியை அழுத்தும்போது நான் சமையலறையிலேயே நிற்பேன், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வாசலுக்கு ஓடி வர மாட்டேன். மாமா போய்த் திறக்கட்டும்.

என்றும் உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
உங்கள் மனைவி.